ஒப்பரேஷனுக்குப் பிறகு வாப்பாவுக்குத் தொண்டை நோகிறது, குரலும் அடைத்துவிட்டது. வீட்டில் என்ன செய்யலாம்?

கல்முனையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது மூச்சுக்குழாயில் ஒரு டியூப் வைப்பார்கள். அது உரசிய இடம்தான் நோகிறது. பெரும்பாலும் 2, 3 நாளில் தானாகவே சரியாகிவிடும்.

குடிக்கலாம் என்று வார்ட்டில் சொன்ன பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். ஐஸ் துண்டை வாயில் வைத்துக் கரைய விடுவதும் இதமாக இருக்கும். ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொப்பளிக்கலாம், விழுங்கக் கூடாது. சாப்பாட்டுக்குக் கஞ்சி, பால்சொதியில் ஊறிய இடியப்பம், நம்ம ஊர் எருமைத் தயிர் நல்லது. தயிர் சளி பிடிக்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், அதற்குப் பயப்பட வேண்டாம். உறைப்பான மீன் ஆணம் கொஞ்ச நாள் பொறுக்கட்டும். சிகரெட் கூடவே கூடாது.

பார்க்க வருபவர்களோடு அவர் குசுகுசுவென்று பேசுவார். அதுவும் குரல்நாணுக்குச் சிரமம்தான். பேசாமல் இருக்கச் சொல்லுங்கள்.

நோ கூடினால் பரசிற்றமோல் போதும், ஆனால் டொக்டர் தந்த மருந்தில் ஏற்கெனவே அது இருக்கிறதா என்று பாருங்கள்.

மூச்சு வாங்கினால், மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், இரத்தம் துப்பினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குரலடைப்பு ஒரு வாரம் தாண்டினாலும் காட்டுங்கள்.