பழைய ரயில் படங்கள்: டெல்டா வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

படம் அனுப்புகிறவர்கள் பின்பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஸ்டுடியோ முத்திரை, பென்சில் குறிப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும். முன்பக்கம் மட்டும் வந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

நீடாமங்கலம்: ஐயா, "1861, நாகப்பட்டினத்தில் முதல் ரயில்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறதே, நிஜமா?

ஆண்டு சரி, படம் தப்பு. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா கம்பெனி நாகையிலிருந்து தஞ்சாவூர் வரை ரயில் விட்டது 1861-ல்தான். மறு வருடம் திருச்சிக்கும் போனது. ஆனால் படத்தில் இருப்பது ஒய்பி ரக நீராவி எஞ்சின். பக்கவாட்டில் முன்னாலிருந்து எண்ணுங்கள்: சின்னச் சக்கரம் இரண்டு, பெரியது மூன்று, டிரைவர் நிற்கும் இடத்துக்குக் கீழே சின்னது ஒன்று. ஒய்பி நம் ஊருக்கு வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு.

ரயில் ஓடுகிறது, புகை சுருள் சுருளாகத் தெளிவாக விழுந்திருக்கிறது. 1861-ல் கண்ணாடித் தகட்டில் ஈரம் காய்வதற்குள் படம் எடுத்தார்கள், வெளிச்சம் விழச் சில விநாடிகளாவது வேண்டும். ஓடும் வண்டி அதில் கலங்கித்தான் தெரியும். போதாததற்குத் தண்டவாளம் மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் அகலம். 1861-ல் இங்கே போட்டது ஐந்தரை அடி அகலமான பிராட் கேஜ்.

மன்னார்குடி: ஒய்பியா ஒய்ஜியா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

ஒய்ஜிக்கு முன்னால் சின்னது ஒன்று, பெரியது நான்கு, பின்னால் சின்னது ஒன்று. 'பி' பாசஞ்சர், 'ஜி' கூட்ஸ். ஆனால் பாசஞ்சர் வண்டியை ஒய்ஜி இழுத்ததும் உண்டு. அதனால் பின்னால் வரும் பெட்டியை வைத்து முடிவு செய்யாதீர்கள், சக்கரத்தை எண்ணுங்கள்.

மயிலாடுதுறை: அண்ணே, தாத்தா ஆல்பத்தில் தரங்கம்பாடி லைன் படம் ஒன்று இருக்கிறது. எந்த வருடம் இருக்கும்?

நல்ல படம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். மாயவரத்திலிருந்து (மயிலாடுதுறையின் பழைய பெயர்) செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாகப் போன அந்த லைன் 1926-ல் திறந்து 1986-ல் மூடியது. ஆக, அறுபது வருட இடைவெளிக்குள் தேட வேண்டும்.

முதலில் பெட்டியைப் பாருங்கள். சவுத் இந்தியன் ரயில்வே எழுத்து இல்லை, சதர்ன் ரயில்வே எழுத்து இருக்கிறது. சதர்ன் ரயில்வே பிறந்தது 1951 ஏப்ரலில். அடுத்து ஸ்டேஷன் பலகை. இந்தி எழுத்தின் மேல் மட்டும் கறுப்பாக ஒரு பட்டை, பூசிய தார் ஒரு பக்கம் வழிந்திருப்பது பெரிதாக்கினால் தெரிகிறது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் தடம் அது. கல்லக்குடி மறியல் நடந்தது 1953-ல், பெரிய போராட்டம் 1965-ல். பலகையின் கீழே கடல் மட்ட உயரம் அடிக் கணக்கில் இருக்கிறது. மெட்ரிக் முறை 1950களின் கடைசியிலிருந்துதான் படிப்படியாக வந்தது. எல்லாவற்றையும் சேர்த்தால் 1950கள் என்பதே என் கணிப்பு. பின்பக்கத்தை அனுப்பினால் இன்னும் நெருங்கலாம்.

'மயிலாடுதுறை' என்ற பெயர் பலகையில் இருந்தால் அந்தப் படம் 1982-க்கு முந்தியதாக இருக்காது. இது எல்லோருக்கும் உதவும்.

நாகப்பட்டினம்: எங்கள் தாத்தா ரயில்வேக்காரர். டெல்டாவில் ஆதியிலிருந்தே மீட்டர் கேஜ்தான் என்பார். நீங்கள் பிராட் கேஜ் என்கிறீர்கள்?

தாத்தா பார்த்தது மீட்டர் கேஜ், அதில் தப்பில்லை. அவருக்கு முந்தைய காலத்தைத்தான் நான் சொல்கிறேன். பாதை போட்டபோது அகலம் ஐந்தரை அடி. 1874-ல் கம்பெனிகள் இணைந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆனது. மறு வருடம் இந்தப் பாதையை மீட்டர் கேஜாக மாற்றினார்கள். அந்தக் காலத்தில் செலவு குறையும் என்று அரசாங்கம் மீட்டர் கேஜைத்தான் விரும்பியது. நூறு வருடத்துக்கு மேல் அப்படியே ஓடி, பிறகு திரும்பவும் பிராட் கேஜ் ஆனது. விழுப்புரம் - மயிலாடுதுறை பகுதி மாறியது 2010-ல்.

திருச்சி: அப்படியானால் மீட்டர் கேஜ் படம் என்றால் 1875-க்குப் பிறகு என்று சொல்லி முடித்துவிடலாமே, சக்கரக் கணக்கு எதற்கு?

1875-க்குப் பிறகு என்றால் நூறு வருடத்துக்கு மேல் திறந்து கிடக்கிறது. அதைக் குறுக்குவது எஞ்சின்தான்.

நாகப்பட்டினம் (மறுபடியும்): படத்தில் கேஜை எப்படி அளப்பது? யார் வேண்டுமானாலும் எதையும் சொல்லலாமே.

பாதை ஓரம் நிற்கும் ஆளோடு ஒப்பிடுங்கள். ஐந்தரை அடி கிட்டத்தட்ட ஆள் உயரம், மீட்டர் கேஜ் இடுப்பு உயரம். கேமரா கோணம் ஏமாற்றும் என்பது உண்மை. அதனால் ஆளும் தண்டவாளமும் ஒரே தூரத்தில் இருக்கும் இடத்தில் பாருங்கள். நீங்கள் சண்டை போடும் அந்த "1861" படத்தில் பாயின்ட்ஸ்மேன் (தண்டவாளத்தைத் திருப்பிவிடும் ஊழியர்) பாதைக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். அவர் இடுப்புக்கு மேல் போகவில்லை அந்த அகலம்.

கும்பகோணம்: அந்த 1861 படத்துக்கு ஆப்பில் கலர் போட்டு அனுப்பியிருக்கிறேன். இப்போது தெளிவாக இருக்கிறதா?

கலர் போடாதீர்கள். எஞ்சின் எண் எட்டா மூன்றா என்று தெரியாமல் கரைந்துவிட்டது, சக்கரத்தில் ஒன்று காணாமல் போயிருக்கிறது. பெட்டியின் நிறத்தை ஆப்பே கற்பனை செய்துகொள்கிறது. நாளைக்கு அதையே ஆதாரம் என்று ஒருவர் எடுத்து வருவார். அசலை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து தொடாமல் வையுங்கள். பின்பக்கத்தையும்.

வேதாரண்யம்: கஜா புயலில் நனைந்த படங்கள் கண்ணாடியோடு ஒட்டிவிட்டன. பிரிக்கலாமா?

இழுக்காதீர்கள், மேல்பூச்சு கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடி மேலேயே ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். பிரிப்பதைப் பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

திருவாரூர்: லேமினேட் செய்தால் நிலைக்குமா?

வேண்டாம். செல்லோ டேப்பும் வேண்டாம்.

பேரளம்: 1861 முதல் ரயில் படம் உண்மையா?

முதல் பதிலைப் படியுங்கள்.

காரைக்கால்: எங்கள் ஊருக்கு ரயில் எப்போது வந்தது?

பேரளத்திலிருந்து 1898-ல்.

ஒரத்தநாடு: தஞ்சாவூரிலிருந்து காலையில் சென்னைக்கு என்ன வண்டி?

ஸ்டேஷன் விசாரணையில் கேளுங்கள்.

நாகூர்: கொள்ளுத்தாத்தா நாகை ரயில்வே பட்டறையில் இருந்தார். முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் குரூப் படம் கிடைத்தது.

இதுதான் இன்று வந்ததில் முக்கியமானது. பட்டறை திருச்சி பொன்மலைக்குப் போனது 1920களின் இறுதியில். படம் நாகையில்தான் எடுத்தது என்றால் அதற்கு முந்தியதாகவே இருக்கும். வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்து, யார் யார் எந்த வரிசையில் என்று தனித் தாளில் இந்த வாரமே எழுதிவிடுங்கள். படத்தின் மேல் பேனா படக்கூடாது. பின்பக்கத்தை நாளைக்கே அனுப்புங்கள்.