கோட்டைப் படியும் ஓசூர் ரோடும்

ஐயா, வணக்கம். போன வாரக் கட்டுரையில், "நிலாவைவிட ஈர்ப்பு குறைந்த இடமா, அப்படியானால் அங்கிருந்து கிளம்புவதும் நிலாவைவிடச் சுலபம்" என்று எழுதியிருந்தீர்கள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டாள். சனியின் துணைக்கோள் டைட்டனில் ஈர்ப்பு முடுக்கம் (விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு வினாடியும் கூடும் அளவு) 1.35 மீ/வி², நிலாவில் 1.62. ஆனால் விடுபடு வேகம் (திரும்பி விழாமல் தப்பிப் போக ஒரு பொருளை எறிய வேண்டிய வேகம்) டைட்டனில் வினாடிக்கு 2.64 கி.மீ., நிலாவில் 2.38 என்று அட்டவணை போட்டுக் காட்டுகிறாள். அட்டவணை தப்பா, நீங்கள் தப்பா?
வாசகர், காவேரிப்பட்டணம்

அன்புள்ள நண்பருக்கு,

நான்தான் தப்பு. பாப்பாவின் அட்டவணை சரி. எழுதும் வேகத்தில் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக்கிவிட்டேன்.

உங்கள் ஊரிலிருந்தே பார்த்துவிடலாம். கிருஷ்ணகிரியில் சையத் பாஷா மலைக் கோட்டைக்கு ஏறியிருப்பீர்கள். கொஞ்சம் படி ஏறியதுமே மூச்சு வாங்கும், தொடை கடுக்கும், தண்ணீர் பாட்டிலை அப்போதே திறந்துவிடுவோம். அதே கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி சூளகிரி வழியாக ஓசூர் போங்கள். ஏறுகிறோம் என்றே தெரியாது. இறங்கும்போது காற்று கொஞ்சம் குளிர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஓசூர் கிருஷ்ணகிரியைவிட 300 மீட்டருக்கு மேல் உயரம். கோட்டை மலை அந்த அளவுக்குக் கிடையாது. லாரி ஓட்டுகிறவரைக் கேளுங்கள், போகும்போது டீசல் எவ்வளவு குடிக்கும், வரும்போது எவ்வளவு மிஞ்சும் என்று சொல்வார்.

தரைமட்ட ஈர்ப்பு என்பது முதல் படியின் செங்குத்து. விடுபடு வேகம் என்பது உச்சிவரை ஏற வேண்டிய மொத்த ஏற்றத்துக்கான கணக்கு. நிலா, கோட்டைப் படி. டைட்டன், ஓசூர் ரோடு.

டைட்டனின் ரோடு ஏன் நீளம்? அதன் ஆரம் 2,575 கி.மீ., நிலாவுக்கு 1,737. மையத்திலிருந்து உள்ள தூரம் இரட்டித்தால் இழுவை கால்வாசியாகும். நிலாவில் தரையிலிருந்து 1,737 கி.மீ. மேலே போனாலே அது நடந்துவிடும்: 1.62 என்பது 0.4 ஆகிவிடும். டைட்டனில் அதே உயரத்தில் இன்னும் 0.48 மிச்சம் இருக்கும். தரையில் பின்தங்கியிருந்த டைட்டன் அங்கே நிலாவை முந்திவிட்டது, பார்த்தீர்களா? அதன் நிறை நிலாவைப்போல 1.8 மடங்கு; பருத்த உடம்பு என்பதால் தரை மையத்திலிருந்து தள்ளி இருக்கிறது, அங்கே நிற்கிறவருக்கு இழுவை குறைவாகத் தெரிகிறது.

சூத்திரமும் இதைத்தான் சொல்கிறது. ஈர்ப்பு முடுக்கத்தை ஆரத்தால் பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம் எடுத்தால் விடுபடு வேகம். பாப்பா போட்டுப் பார்க்கட்டும். ஆரத்தை மீட்டருக்கு மாற்ற மறக்க வேண்டாம். கடைசி இலக்கம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை.

இன்னும் பெரிய வேடிக்கை யுரேனஸ். அங்கே ஈர்ப்பு 8.87, நம் 9.8-ஐவிடக் குறைவு. இங்கே 50 கிலோ காட்டும் தராசு அங்கே 45 காட்டும். (தராசு வைக்கத் தரை கிடையாது என்பது வேறு கதை, காற்றழுத்தம் நம் கடல்மட்டத்தை ஒட்டி இருக்கும் உயரத்தைத் தரை என்று வைத்துக்கொள்கிறார்கள்.) ஆனால் விடுபடு வேகம் வினாடிக்கு 21.3 கி.மீ., நம் 11.2-ஐப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

அப்புறம், 'வேகம்' என்ற சொல்லே ஆளை ஏமாற்றும். ஒரே வீச்சில் எறிந்துவிட்டு, பிறகு தள்ளாமல் விடுகிற பொருளுக்கான கணக்கு அது. மாங்கொட்டையானாலும் லாரியானாலும் ஒரே வேகம்தான். ஆனால் இன்ஜின் தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருந்தால் மாட்டுவண்டி வேகத்தில்கூடப் பூமியைவிட்டுப் போகலாம், எரிபொருளுக்குத்தான் கட்டுப்படியாகாது.

அந்த வரியைத் திருத்திவிட்டேன். பாப்பாவின் அட்டவணையில் புதனும் செவ்வாயும் இருக்கின்றனவா? இரண்டிலும் ஈர்ப்பு 3.7தான். விடுபடு வேகம் 4.25, 5.03. எது எந்தக் கோளுடையது என்று ஆரத்தை மட்டும் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள்.