கிராமத்துக்கு உதவ டிரஸ்ட் தொடங்கியிருக்கிறோம். மருத்துவ முகாம், நோட்டு, பை தவிர வேறென்ன செய்யலாம்?

நண்பர்கள் ஆறு பேர், வருஷத்துக்கு மூன்று லட்சம், ஒரே ஒரு கிராமம், ஆரோக்கியமும் கல்வியும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறு பேரும் சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பீர்கள், ஊருக்குப் போக ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நோட்டும் பையும் வேண்டாம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல், நோட்டு, சீருடை, பை, செருப்பு, கலர் பென்சில் வரை அரசே தருகிறது. நீங்கள் கொடுக்கும் இரண்டாவது பை ரேஷன் கடைக்குத்தான் போகும்.

முகாம் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். எல்லா முகாமும் வீண் என்று நான் சொல்லவில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கண்புரை முகாம்கள் பலன் தருவதற்குக் காரணம், பரிசோதனையில் தேர்வானவரை பஸ்ஸில் ஏற்றிப்போய் அறுவை செய்து திரும்பக் கொண்டுவந்து விட்டு, மறுபடியும் பார்க்கிறார்கள். முகாமுக்குப் பின்னால் ஒரு கட்டில் காத்திருக்கிறது. பொது மருத்துவ முகாமில் அது கிடையாது. வெயிலில் நடந்து வந்து வரிசையில் நின்றவருக்கு உடனே கையில் பட்டையைச் சுற்றி அளந்தால் ரத்த அழுத்தம் கூடுதலாகத்தான் காட்டும். ஐந்து நிமிஷம் உட்கார வைத்து அளக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் இன்னொரு நாளும் அளக்க வேண்டும். அது நடக்காது. பத்து நாள் மாத்திரை கொடுத்து அனுப்புவீர்கள். பதினோராம் நாள் அவர் என்ன செய்வார்? வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. அந்தப் பதிவேட்டில் அவர் பெயரை ஏற்றி, மாதாமாதம் வருகிறதா என்று பார்க்க ஒரு ஆள் இருந்தால், அது பத்து முகாமுக்குச் சமம்.

அந்த ஆள்தான் முக்கியம். உங்கள் மூன்று லட்சத்தில் அதே ஊரில் வாழ்க்கைப்பட்ட, ஊரை விட்டுப் போகாத இரண்டு பெண்களை ஆளுக்கு மாதம் 8,000 ரூபாய்க்கு வையுங்கள். வருஷத்துக்கு 1,92,000 போக 1,08,000 மிஞ்சும். "படிக்காத பெண்களிடம் மருத்துவ வேலையைக் கொடுப்பதா?" என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் மருத்துவத் தம்பதியின் 'சர்ச்' (SEARCH) அமைப்பு 39 கிராமங்களில் ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிறந்த குழந்தைகளை வீட்டிலேயே கவனிக்க வைத்தது. ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 62 என்றிருந்தது மூன்றே ஆண்டுகளில் 25 அளவுக்கு இறங்கியது. இந்த ஆய்வு 1999-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிஷத்துக்கு 60 மூச்சு அல்லது அதற்கு மேல் போனால் ஆபத்து. எண்ணத் தெரியாதவர்களுக்காகப் பாசிமணிகளும் மணல் கடிகாரமும் சேர்ந்த ஒரு கருவியையே அவர்கள் செய்து கொடுத்தார்கள்.

இனி அந்த இரண்டு பெண்களுக்கு என்ன வேலை? முதல் வேலை ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை அரசு தருகிறது. 10 முதல் 19 வயதுக்கு நீல மாத்திரை (60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்), 5 முதல் 9 வயதுக்கு இளஞ்சிவப்பு (45 மி.கி., 400 மைக்ரோகிராம்). மாத்திரைக்குப் பஞ்சமில்லை, உள்ளே போவதில்தான் சிக்கல். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் மறுவாரம் பாதி வகுப்பு ஜன்னல் வழியாக எறியும். மலம் கறுப்பாகப் போகும் என்று முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அம்மாக்கள் பயந்து நிறுத்திவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆசிரியர் முதலில் ஒன்றை விழுங்கிக் காட்டி, எதிரிலேயே விழுங்க வைக்க வேண்டும். கூடவே எலுமிச்சைத் தண்ணீரோ நெல்லிக்காயோ நல்லது. டீ குடித்தால் இரும்பு சேராது, முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். மே மாத விடுமுறையில் மாத்திரை நின்றுபோகும், பள்ளியை விட்டு நின்ற பெண்ணுக்கு எப்போதுமே கிடைக்காது. அந்த இரண்டு ஓட்டையையும் அடைப்பதுதான் உங்கள் ஆளின் வேலை.

ஹீமோகுளோபின் பார்க்கும் சிறு கருவி வாங்கினால், விரலைப் பிழிந்து ரத்தம் எடுக்காதீர்கள். திசு நீர் கலந்து அளவு குறைவாகக் காட்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, தானாக வரும் அடுத்த சொட்டை எடுங்கள். ரத்தம் வைக்கும் சோதனைப் பட்டைகளின் (ஸ்டிரிப்) குப்பியைத் திறந்தே வைத்தால் ஈரம் ஏறிக் கெட்டுவிடும். 5–11 வயதில் 11.5-க்குக் கீழ், 12–14 வயதில் 12-க்குக் கீழ் இருந்தால் சோகை. 8-க்குக் கீழே போனால் நீங்கள் எதுவும் கொடுக்க வேண்டாம், அன்றே ஆரம்ப சுகாதார நிலையம். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் மூன்று மாதத்தில் ஏறவில்லையா, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மலைப் பகுதிப் பழங்குடி ஊர்களில் அரிவாள் உயிரணு நோயாக (சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய்) இருக்கலாம். மேலும் மேலும் இரும்பு கொடுப்பது தீர்வல்ல.

குடற்புழு நீக்க நாளில் (பிப்ரவரி, ஆகஸ்டு) அல்பெண்டசோல் 400 மி.கி., ஒன்று முதல் இரண்டு வயதுக்குப் பாதி. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும், மற்றவர்கள் சப்பித்தான் விழுங்க வேண்டும். அன்று வராத பிள்ளைகளின் பெயரை எழுதி, ஒரு வாரம் கழித்து நடக்கும் விடுபட்டோர் நாளில் பிடித்துவிடுங்கள். அவ்வளவுதான்.

தண்ணீர் அடுத்தது. பள்ளிக்கு ஆர்.ஓ. மெஷின் நன்கொடை கொடுத்து, ஃபில்டர் மாற்ற ஆளில்லாமல் ஒட்டடை படிந்து நிற்கும் காட்சி ஊருக்கு ஊர் உண்டு. மேல்நிலைத் தொட்டியில் குளோரின் ஒழுங்காகக் கலந்தாலே வயிற்றுப்போக்கு குறையும். நல்ல பிளீச்சிங் பவுடர் என்றால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், அதாவது 10,000 லிட்டர் தொட்டிக்கு 25 கிராம். கலங்கல் தண்ணீருக்குக் கூடும். தூளை அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் கூழாகக் குழைத்து, முக்கால் வாளி தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிஷம் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு தொட்டிக்குள் போகக் கூடாது. ஒரு மணி நேரம் கழித்து, தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் அல்ல, கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் சோதனை செய்யுங்கள், லிட்டருக்கு 0.2 மி.கி. குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். நடைமுறையில் கெடுவது எப்படி என்றால், ஒருநாள் கூடுதலாகப் போட்டுவிடுவார்கள், வாடை அடிக்கிறது என்று ஊர் சத்தம் போடும், மறுநாளிலிருந்து போடுவதே நின்றுவிடும். தொட்டி ஆபரேட்டரோடு சண்டை போடாதீர்கள், அளவு குறித்த ஒரு டம்ளரை வாங்கிக் கொடுங்கள்.

கண் பரிசோதனைக்கு 6 மீட்டர் கயிறும், ஆங்கில 'E' எழுத்தைப் பல திசையில் திருப்பி அச்சிட்ட அட்டையும் போதும். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூட வேண்டும், விரலால் மூடினால் இடுக்கில் பார்ப்பார்கள். கண்ணாடி கொடுத்தால் ஃபிரேமைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், இல்லாவிட்டால் போடாது.

கல்விக்கு வருகிறேன். டியூஷன் வைக்கிறோம் என்று ஐந்தாம் வகுப்புப் பாடத்தை மறுபடி நடத்தாதீர்கள். முதலில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து, எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்று படிக்கச் சொல்லுங்கள். 'பிரதம்' அமைப்பு 2005 முதல் நடத்தும் 'அசர்' கணக்கெடுப்பின் முறை இதுதான். ஒரு பிள்ளைக்குச் சில நிமிஷமே ஆகும். பாடநூல் பத்தியைக் கொடுத்தால் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள், பார்க்காத பத்தியைக் கொடுங்கள். தமிழில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. "க, கா, கி, கீ" என்று ராகம் போட்டு ஔகார வரிசை வரை பாடும் பிள்ளையிடம் வரிசை கலைத்து "கூ" எது என்று கேட்டால் விழிக்கும். கொம்பு எழுத்துக்கு முன்னால் வருவதால் 'கெ'யை இரண்டு எழுத்தாகப் படிக்கும். 'கொ', 'கோ' இன்னும் மோசம். ஆகவே 247 எழுத்தையும் வரிசையாக ஓட்டாமல், ட, ப, ம போன்ற சிலவற்றில் தொடங்கிப் படம், மடம், பட்டம் என்று சொல்லாக்குங்கள். குறிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, கெ–கே, கொ–கோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வையுங்கள். வகுப்புப்படி இல்லாமல் படிக்கும் நிலைப்படி குழு பிரியுங்கள். நான்காம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் ஒரே பாயில் உட்காரலாம். குழுவுக்கு 15 பேர், தினம் ஒரு மணி நேரம், ஐம்பது நாள், பிறகு அதே சோதனை. ஆறாம் வகுப்புப் பையனைச் சின்னக் குழுவில் உட்கார வைத்தால் வெட்கத்தில் வராமல் போவான்; அவனுக்கு அட்டை பிரித்துக் கொடுக்கிற பொறுப்பைக் கொடுங்கள்.

இவ்வளவும் செய்தால் நன்கொடையாளர் கேட்கும் முதல் கேள்வி, "சம்பளத்துக்கு எத்தனை சதவீதம் போகிறது?" ஐயா, இந்த வேலையில் சம்பளம்தான் திட்டமே. ஷாமியானாவும் ஃப்ளெக்ஸும் 'திட்டச் செலவு', வீடு வீடாக நடக்கிற பெண்ணின் கூலி 'நிர்வாகச் செலவு' என்று யார் கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

பள்ளிக்குள் நுழையுமுன் தலைமையாசிரியரிடமும் வட்டாரக் கல்வி அலுவலரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மாத்திரை விஷயம் எதுவானாலும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும் தெரிந்து நடக்கட்டும். மருந்துக்கடை மிச்சமும் சாம்பிள் மருந்தும் இலவசமாக வந்தாலும் வாங்காதீர்கள். வாசிப்புச் சோதனையை ஜூனில் பள்ளி திறந்த இரண்டாம் வாரம் வையுங்கள், முதல் வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள். பிளீச்சிங் பவுடரைச் சத்துணவுக் கூடத்தில் மாவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.