லைபேஸ் சொல்வதும் சொல்லாததும்

கேள்வி: கடும் வயிற்றுவலியோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட என் தம்பிக்குத் திடீர்க் கணைய அழற்சி என்றார்கள். இரத்தத்தில் முதல் நாள் 2,400 என்று வந்த லைபேஸ் என்னும் கணைய நொதியின் அளவை மறுபடி பார்க்கவே இல்லை. சி.டி. ஸ்கேனும் நான்காம் நாள்தானாம். ஆனால் மணிக்கொரு முறை சிறுநீரை அளக்கிறார்கள். இது சரியான கவனிப்புதானா?

பதில்: சரியான கவனிப்புதான். லைபேஸோ இன்னொரு கணைய நொதியான அமைலேஸோ இயல்பின் உச்சவரம்பைப் போல் மூன்று மடங்கோ அதற்கு மேலோ உயர்ந்திருப்பது நோய் இன்னதென்று உறுதிசெய்ய உதவுமே தவிர, அதன் கடுமையைச் சொல்லாது. 5,000 காட்டியவர் நான்கே நாளில் இட்லி சாப்பிட்டு வீடு திரும்புவதும், அதில் பாதிகூட இல்லாதவர் செயற்கைச் சுவாசக் கருவியை நாடுவதும் உண்டு.

நுரையீரல், சிறுநீரகம், இரத்த ஓட்டம் ஆகிய மூன்றில் ஒன்றாவது செயலிழந்து, 48 மணி நேரத்தைத் தாண்டியும் மீளாதிருந்தால்தான் நோய் 'கடுமையானது' என்று இந்நோயின் கடுமையைத் தரம் பிரிக்கும், 2012-இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாடு கூறுகிறது. அழற்சியால் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேற, இரத்தம் கெட்டிப்பட்டுச் சிறுநீரகத்திற்குப் போகும் ஓட்டம் குறைகிறது. அதனால்தான் சிறுநீரைச் சேர்த்து அளக்கும் அந்தப் பைக்கு இவ்வளவு மதிப்பு. 70 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்குச் சுமார் 35 மில்லியாவது இறங்க வேண்டும். அதற்காக டிரிப்ஸை அளவின்றி ஏற்றுவதும் ஆபத்தே. நுரையீரலில் நீர் கோத்துவிடும். இரத்த யூரியாவும் ஹிமட்டோகிரிட்டும் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) டிரிப்ஸ் ஏறியும் குறையாமல் உயர்ந்துகொண்டே போனால் மருத்துவர்கள் கவலைப்படுவார்கள். நாடித்துடிப்பு 90-க்கு மேலும் மூச்சு நிமிடத்திற்கு 20-க்கு மேலும் நீடிப்பதும் நல்லதல்ல. மூச்சை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனை 48 மணி நேரத்தில் லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டினால் எச்சரிக்கை. முதல் நாள் அது குறைவாக இருந்ததில் ஆறுதல் கொள்ள ஒன்றுமில்லை.

கணையத் திசு எவ்வளவு அழுகியிருக்கிறது என்பது நோய் தொடங்கி 72 முதல் 96 மணி நேரம் கழித்தே சி.டி. ஸ்கேனில் தெளிவாகத் தெரியும். நோய் இன்னதென்பதில் ஐயம் இருந்தாலோ, நிலைமை மோசமானாலோ மட்டும் முன்னதாக எடுப்பார்கள்.

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். அதைத் தள்ளிப்போடக் கூடாது. பித்தப்பைக் கல்லே காரணமாக இருந்து, மஞ்சள் காமாலையோடு குளிர்க்காய்ச்சலும் கண்டால், பித்தநாளத்தில் தொற்று என்று கொண்டு எண்டோஸ்கோப் வழியே அடைப்பை 24 மணி நேரத்திற்குள் நீக்க வேண்டியிருக்கும்.