கூரையோரத்துப் படம்

கேள்வி: ஐ.சி.யூ.வில் இதயம் நின்று, செத்துப் பிழைத்தவர் என் மாமா. மேலே மிதந்தபடி தன் உடலையே பார்த்ததாகச் சொல்கிறார். உடல் வேறு, உயிர் வேறு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: மாமா பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. 'செத்து' என்கிறீர்களே, வில்லங்கம் அங்கேதான். நின்றது இதயம். மூளை அந்த நொடியே மொத்தமாக அணைந்துவிடுவதில்லை.

மேலேயிருந்து பார்த்தாரா என்று சோதிக்க எளிய வழி இருக்கிறது. சாம் பார்னியா என்ற மருத்துவரின் குழு அதைச் செய்தது. மருத்துவமனை அறைகளில் கூரையை ஒட்டிப் பலகைகள் அடித்து, மேல்பக்கம் படங்களை வைத்தார்கள். படுத்திருக்கும் நோயாளிக்கும் தெரியாது, பக்கத்தில் நிற்கும் நர்ஸுக்கும் தெரியாது. மிதப்பவருக்கு மட்டும்தான் தெரியும். 2014-இல் முடிவு வந்தது. இதயம் நின்ற 2,060 சம்பவங்களில் பிழைத்தவர்கள் 330 பேர். பேட்டி கொடுத்தவர்கள் 140 பேர். நடந்ததைக் கண்டதாகவும் கேட்டதாகவும் விவரமாகச் சொன்னவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேருக்கும் இதயம் நின்றது பலகை அடிக்காத இடத்தில்! ஒருவர் சொன்னது நடந்ததோடு ஒத்துப்போனது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் படம் யார் கண்ணிலும் படவில்லை.

சரி, 2023-இல் மறுபடி வந்தார்கள். இந்த முறை டேப்லெட் கணினியில் படம், காதில் ஹெட்போன். பேட்டி கொடுத்த 28 பேரில் படத்தைச் சொன்னவர் யாருமில்லை. ஹெட்போனில் ஒலித்த ஆப்பிள், பேரிக்காய், வாழைப்பழத்தை ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டார். ஆக, காது விழித்திருந்திருக்கிறது. நெஞ்சை அழுத்தத் தொடங்கி ஒரு மணி நேரம் வரைகூடச் சிலரது மூளையில் இயல்பை ஒட்டிய மின்னலைகள் பதிவாகியிருக்கின்றன. எனக்கு இதுதான் பெரிய அதிசயம். இதற்கு ஆவி தேவையில்லை.

இன்னொன்று. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் சத்வந்த் பஸ்ரிச்சாவும் அமெரிக்க மனநல மருத்துவர் இயான் ஸ்டீவன்சனும் வட இந்தியாவில் திரட்டிய 16 மரண விளிம்பு அனுபவங்களை 1986-இல் வெளியிட்டார்கள். அவற்றில் அடிக்கடி வருவது எமதூதர்கள். கூட்டிப்போகிறார்கள், அங்கே ஏட்டைப் புரட்டுகிறார்கள், ஆள் மாறிவிட்டது என்று திருப்பி அனுப்புகிறார்கள். (அங்கேயும் பெயர்க் குழப்பம்தான், நம் ரேஷன் கார்டைப் போல.) அமெரிக்கர் யாரையாவது எமதூதன் இழுத்துப்போனதாக நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? பாட்டி சொன்ன கதை எதுவோ, அதுதானே கடைசி நேரத்திலும் வந்து நிற்கிறது!

அடுத்த முறை மாமாவிடம் ஒன்று மட்டும் கேட்டு எழுதுங்கள்: அந்த ஐ.சி.யூ.வில் ஏ.சி. பெட்டியின் மேல்பக்கம் என்ன கிடந்தது?