கேம்ப்ளே வீடியோவைச் சுருக்கி ஏத்துறது எப்படி? கேளுங்க, சொல்றேன்

ஆறு வருஷமா கேம் ரெக்கார்ட் பண்ணி யூடியூப்ல ஏத்திட்டிருக்கேன். சேனல் பெருசா ஓடல, ஹார்ட் டிஸ்க் மட்டும் மூணு தடவை நிரம்பிடுச்சு. ரெக்கார்டிங், ரீசைஸ், கம்ப்ரெஷன்னு எதுவானாலும் கேளுங்க. தம்ப்நெயில் பத்தி மட்டும் வேணாம், எனக்கே அது வராது.

பாக்கெட் புலி: அண்ணா, ஓபிஎஸ்ல (ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்) ஜிடிஏ கேம் 40 நிமிஷம் ரெக்கார்ட் பண்ணேன். 1080பி, 60 ஃபிரேம். ஃபைல் 15 ஜிபி! வீட்டு நெட்ல அப்லோட் ஸ்பீடு 10 எம்பிபிஎஸ்தான். என்ன பண்றது?

பதில்: 15 ஜிபின்னா உங்க பிட்ரேட், அதாவது ஒரு விநாடி வீடியோவுக்குச் செலவாகுற டேட்டா, 50 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 50 மெகாபிட்) பக்கம் இருக்கு தம்பி. பிட்ரேட்டை மொத்த விநாடியால பெருக்கி எட்டால வகுங்க, எம்பி கணக்கு வந்துடும்: 50 × 2400 ÷ 8 = 15,000. இதை அப்படியே ஏத்தினா 3 மணி 20 நிமிஷம் ஆகும். யூடியூப் 1080பி 60-க்குச் சொல்ற அளவு 12 எம்பிபிஎஸ். அந்த அளவுக்குச் சுருக்கினா 3.6 ஜிபி, 48 நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும்.

ஆனா நான் 12-ன்னு நேரா பிட்ரேட் போட மாட்டேன். ஹேண்ட்பிரேக்னு வீடியோ சுருக்குற சாஃப்ட்வேர் இறக்குங்க, இலவசம்தான். வீடியோ டேப்ல எச்.264 (இது ஒரு கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்குற முறை), குவாலிட்டி ஸ்லைடர்ல ஆர்எஃப் (தரத்துக்கான எண்) 20, ஃபிரேம்ரேட் 60. இப்படி வெச்சா, நீங்க மெனுவைப் பாத்துட்டு நிக்கிற இடத்துல கொஞ்சமா செலவு பண்ணி, மழையில கார் பறக்குற இடத்துல தாராளமா செலவு பண்ணும். நேரா பிட்ரேட் போட்டா, மொத்த சைஸ் முன்னாடியே தெரியும், தரம்தான் தெரியாது. ஆர்எஃப்ல எண் ஏற ஏற சைஸ் குறையும். ஆறு கூட்டினா ஏறக்குறைய பாதி ஆயிடும்னு வெச்சுக்குங்க.

40 நிமிஷத்தையும் ஓட்டிட்டு அப்புறம் வருத்தப்படாதீங்க. ரேஞ்ச்ல விநாடிகளைக் குறிச்சு ஒரே ஒரு நிமிஷம் மட்டும் போட்டுப் பாருங்க. அதுவும் இருக்கிறதுலயே மோசமான நிமிஷம்: ராத்திரி, மழை, போலீஸ் துரத்தல். அங்க கட்டம் கட்டமா உடையலன்னா வேற எங்கேயும் உடையாது.

ரொம்பவும் சுருக்கிடாதீங்க. நீங்க எதைக் குடுத்தாலும் யூடியூப் தன் பங்குக்கு இன்னொரு தடவை என்கோட் பண்ணும், அதாவது மறுபடி சுருக்கும். சக்கையைக் குடுத்தா அதையும் பிழியும். ராத்திரி முழுக்க லைன் சும்மாதான் கிடக்குதுன்னா, ஒரிஜினலையே போட்டுட்டுத் தூங்கப் போங்க.

கரிகாலன் 77: வின்ரார்ல போட்டு அமுக்கினா ஆகாதா ப்ரோ?

பதில்: ஆகாது ப்ரோ. எச்.264 ஃபைல் ஏற்கெனவே அமுக்கினதுதான், ரார் பண்ணா ஒரு சதவீதம் குறைஞ்சாலே பெருசு. யூடியூப் ரார் ஃபைலை எடுத்துக்கவும் எடுத்துக்காது.

தென்றல் கேமர்: என் கம்ப்யூட்டர்ல கண்ணாடி மாதிரி தெரியுது. யூடியூப்ல ஏத்தினா பப்ஜி புல்லெல்லாம் மசமசன்னு ஆயிடுது. பிட்ரேட் 30 வரைக்கும் ஏத்திப் பாத்துட்டேன்.

பதில்: எரங்கல் மேப்ல புல்லுக்குள்ள படுத்தீங்கன்னா எந்த கோடெக்கும் திணறும். ஃபிரேமுக்கு ஃபிரேம் என்ன மாறுச்சுன்னு மட்டும் எழுதிதான் இது சைஸைக் குறைக்குது. புல் ஆடும்போது திரை முழுக்க மாறுது, எதை விட்டு எதை எழுதும்? பச்சைக் கூழா ஆக்கிடும்.

உங்க பக்கம் இன்னும் பிட்ரேட் ஏத்திப் பிரயோஜனமில்ல. வீடியோவை 2560 × 1440-க்குப் பெருசாக்கி ஏத்துங்க. புதுசா விவரம் எதுவும் முளைக்காதுதான். ஆனா சின்ன சேனல்களோட 1080பி வீடியோவுக்கு யூடியூப் பெரும்பாலும் பழைய எச்.264-ஐத்தான் குடுக்கும், 1440பி ஏத்தினா விபி9-ங்கிற புது கோடெக்கும் கூடுதல் பிட்ரேட்டும் கிடைக்கும். ஓடுற வீடியோ மேல ரைட் கிளிக் பண்ணி "ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" திறங்க. கோடெக்னு இருக்கிற இடத்துல ஏவிசி1 (எச்.264-தான்) போய் விபி09 (விபி9) வந்திருந்தா சரி. இன்னொண்ணு, ஏத்தின உடனே பாத்துட்டுப் பதறாதீங்க. முதல்ல குறைஞ்ச தரம்தான் வரும், எச்டி தயாராக நேரம் எடுக்கும்.

குட்டிப்பிசாசு: கேம்பாய் அட்வான்ஸ் எமுலேட்டர்ல (அந்தப் பழைய கையடக்க கேம் மெஷின் மாதிரி நடிக்கிற சாஃப்ட்வேர்) ஆடினதைப் பெருசாக்கினா எழுத்தெல்லாம் கலங்கித் தெரியுது அண்ணா.

பதில்: எனக்குப் பிடிச்ச கேள்வி! அந்தத் திரை மொத்தமே 240 × 160 புள்ளி. 1080 உயரத்துக்கு இழுத்தா 6.75 மடங்கு. முக்கால் புள்ளியை எங்க வைக்கும்? பக்கத்துப் புள்ளியோட கலந்து பூசி விட்டுடும். முழு மடங்குல வைங்க. ஆறு மடங்கு 1440 × 960, சுத்தி கறுப்பு ஓரம் இருந்தா இருக்கட்டும். ஒன்பது மடங்குன்னா 2160 × 1440, உயரம் அச்சா 1440பி-ல உக்காரும், மேல சொன்ன விபி9 லாபமும் சேந்து வரும். ஓபிஎஸ்ல சோர்ஸ் மேல ரைட் கிளிக் பண்ணி ஸ்கேல் ஃபில்டரிங்ல "பாயிண்ட்" தேர்ந்தெடுங்க. ரெக்கார்ட் பண்ணும்போதே இதைச் செஞ்சிடணும். கலங்கலா எடுத்ததை அப்புறம் தெளிய வைக்க முடியாது.

சோம்பேறி ஸ்னைப்பர்: போன்ல ரெக்கார்ட் பண்ணி எடிட்டர்ல போட்டா, போகப் போக துப்பாக்கிச் சத்தம் பின்தங்குது.

பதில்: போன் ஒரே சீரா 60 ஃபிரேம் எடுக்காது. சூடானா 52, சும்மா நின்னா 30-ன்னு இஷ்டத்துக்கு எடுக்கும். நிறைய எடிட்டருக்கு அது ஒத்துக்காது. ஹேண்ட்பிரேக்ல "கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்" தேர்ந்தெடுத்து ஒருமுறை மாத்திட்டு, அப்புறம் எடிட் பண்ணுங்க.

மீனாட்சி ப்ளேஸ்: டிஸ்கார்டுல 10 எம்பிக்குள்ள 30 செகண்ட் கிளிப் போடணும் அண்ணா. நைட்ரோ (காசு கட்டுற டிஸ்கார்டு திட்டம்) இல்ல.

பதில்: இங்க சைஸ்தான் முக்கியம்மா, அதனால ஆர்எஃப் வேணாம். ஆவரேஜ் பிட்ரேட் 2300 கேபிபிஎஸ் (விநாடிக்கு 2300 கிலோபிட்), மல்டி-பாஸ் (ஒரு தடவைக்கு மேல அலசிச் சுருக்குறது), ஆடியோ 128 கேபிபிஎஸ், 720பி. சுமார் 9.1 எம்பி வரும். 1080பி-லயே வெச்சா இந்த பிட்ரேட் பத்தாது. முதல் அஞ்சு செகண்ட் சும்மா ஓடுற காட்சியா இருந்தா அதை வெட்டிடுங்க, அதைவிட நல்ல கம்ப்ரெஷன் கிடையாது.

இரும்புக்கை: என்விடியா என்கோடரா, பிராசசரா?

பதில்: ஆடும்போது கிராஃபிக்ஸ் கார்டுல இருக்கிற என்விடியா என்கோடர், பிராசசரைக் கேமுக்கு விட்டுடுங்க. ஆடி முடிச்சுச் சுருக்கும்போது பிராசசர். மெதுவாத்தான் போகும், அதே சைஸுக்குத் தரம் கொஞ்சம் கூடும்.

வடபழனி வாரியர்: ரெக்கார்டிங் நடுவுல கரண்ட் போச்சு. எம்பி4 ஃபைல் திறக்கவே மாட்டேங்குது. மீட்க வழி உண்டா?

பதில்: ஐயோ. எனக்கும் இப்படி ரெண்டரை மணி நேரம் போயிருக்கு, கடைசி பாஸ் வில்லனை அடிச்ச வீடியோ. சாதாரண எம்பி4-ல எந்த ஃபிரேம் எங்க இருக்குங்கிற அட்டவணையைக் கடைசியிலதான் எழுதும். நடுவுல நின்னா ஃபைல் இருக்கும், அட்டவணை இருக்காது. அதே செட்டிங்ல எடுத்த நல்ல ஃபைல் ஒண்ணு இருந்தா, அதை மாதிரியா வெச்சு மீட்கிற கருவிகள் இருக்கு. சில சமயம் கை குடுக்கும், எனக்குக் குடுக்கல. இனிமே எம்பி4-க்குப் பதிலா எம்கேவி ஃபார்மட்டுல எடுங்க, கரண்ட் போனாலும் அதுவரைக்கும் எடுத்தது மிஞ்சும். முடிஞ்சதும் ஓபிஎஸ் ஃபைல் மெனுவுல "ரீமக்ஸ்" குடுத்தா எம்பி4 ஆயிடும், தரம் துளியும் குறையாது. 2024-ல வந்த ஓபிஎஸ் 30.2 முதல் ஹைப்ரிட் எம்பி4-ன்னு ஒண்ணும் இருக்கு, அதுவும் இதே பாதுகாப்புக்குத்தான்.

பாக்கெட் புலி: அண்ணா, ஒரு நிமிஷம் போட்டுப் பாத்தேன், சூப்பர்! முழுசும் ஓட்டிட்டு அந்த 15 ஜிபியை அழிச்சிடவா?

பதில்: இரு இரு. புது ஃபைலோட கடைசி நிமிஷத்தை ஓட்டிப் பாரு, சத்தம் உதட்டோட பொருந்துதான்னு பாரு. யூடியூப்ல எச்டி வந்ததும் அழிச்சுக்கலாம்.