தோட்டத்து நடைபாதை, கடைசியில் நிழல்திட்டு: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, வீட்டுக்குப் பின்னால் 20க்கு 40 அடி இடம் சும்மா கிடக்கிறது. செடிகளுக்கு நடுவே பாதை போட்டு, கடைசியில் உட்கார ஒரு திட்டு கட்ட ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: பாதையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய், மூன்று மணிக்கு மேல் ஒரு வாரம் அங்கங்கே போட்டு உட்கார்ந்து பாருங்கள். எங்கே காற்று வருகிறது, எங்கே பக்கத்து வீட்டு ஏசி அனல் அடிக்கிறது என்று அப்போதுதான் தெரியும். இடம் அமைந்துவிட்டால், அதை நோக்கி உங்கள் கால் எப்படிப் போகிறதோ அதுதான் பாதை. அழகுக்காக வளைத்தால் பிள்ளைகள் குறுக்கே மிதித்துப் புது வழி போட்டுவிடுவார்கள்.

உச்சிவெயிலை எந்த மரமும் தாங்கும். வாட்டி எடுப்பது சாய்ந்து வரும் மேற்கு வெயில். அதனால் திட்டுக்கு மேற்கே மரம் வரட்டும்.

கேள்வி: என்ன மரம் வைக்கலாம்?

பதில்: என் ஓட்டு புங்கைக்கு. கோடை தொடங்கும்போது இலை கொட்டினாலும் சீக்கிரமே துளிர்த்து, கத்திரி வெயிலுக்குள் அடர்ந்துவிடும். பூ உதிர்ந்து தரையெல்லாம் பொரி சிந்தியதுபோலக் கிடக்கும். பெருக்கச் சலிப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். மகிழம் வாசனையானது, ஆனால் நிதானமாகத்தான் வளரும். முருங்கையடியில் மட்டும் திட்டு வேண்டாம். கிளை முறியும், கம்பளிப்பூச்சி விழும்.

மரம் பெரிதாகும்வரை சின்னப் பந்தல் போட்டு ரங்கூன் மல்லியை ஏற்றிவிடுங்கள். வெள்ளையாக மலர்ந்து, ரோஸாகி, சிவப்பாகும்.

கேள்வி: பாதை எவ்வளவு அகலம்? டைல்ஸ் ஒட்டலாமா?

பதில்: ஒருவர் நடக்க 3 அடி, இருவர் பேசிக்கொண்டு நடக்க 4 அடி. பளபள டைல்ஸ் மழையில் வழுக்கும். கடப்பா கல் வெயிலில் வெறுங்காலைச் சுடும், நிழல் விழும் பகுதியில் போடுங்கள். எனக்குப் பிடித்தது பழைய செங்கல். அரையடி தோண்டி, ஜல்லி பரப்பி இடித்து, மேலே 2 அங்குலம் மணல் போட்டுப் பதித்தால் போதும். நான் ஒருமுறை புங்கையைச் சுற்றி சிமென்ட் பூசினேன். வேர் அதைத் தூக்கிப் பிளந்துவிட்டது.

கேள்வி: எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் மண். கல் நிற்குமா?

பதில்: கரிசல் மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும். ஓரடி தோண்டி மண்ணை அகற்றி, சரளை நிரப்பி இறுக்குங்கள். கல்லை சிமென்ட் வைத்து ஒட்டாதீர்கள். மேடு பள்ளம் ஆனால் பெயர்த்துத் திரும்பப் பதித்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஓரத்தில் என்ன செடி? பாம்பு வரும் என்று அம்மா பயப்படுகிறார்.

பதில்: அம்மா பயப்படுவது நியாயம்தான். பாதையை ஒட்டி முழங்காலுக்குக் கீழே நிற்கும் செடிகளை மட்டும் வையுங்கள். வெயில் படும் பகுதிக்குக் குட்டை இட்லிப்பூ, துளசி. நிழல் தொடங்கும் இடத்தில் கற்பூரவல்லி, உள்ளே போகப் போகப் பெரணி. நந்தியாவட்டை, செம்பருத்தி போன்ற உயரமானவை பின்வரிசையில் நிற்கட்டும். ஓரத்தில் கல், கட்டை குவிக்காதீர்கள், எலி வளையை அடையுங்கள். இரவில் போவதென்றால் டார்ச் கட்டாயம்.

கேள்வி: அப்பாவுக்கு மூட்டு வலி. திட்டு எவ்வளவு உயரம்?

பதில்: ஒன்றரை அடி. அவர் ஊன்றி எழ ஒரு பக்கம் கைப்பிடி வையுங்கள்.